வந்துட்டாராம்

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, புதன்கிழமை காலை, நகரின் தனியார் மருத்துவமனை ஒன்றின் இரண்டாம் அறுவை அரங்கில், இடுப்பெலும்பு முறிந்த தச்சர் ஒருவருக்கு மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. முக்கால் மணி நேரம் கழித்து, உடம்பில் கத்தி படாமலே அவர் எழுப்பப்பட்டார்.

அவர் இடுப்பில் வைக்கவேண்டிய தகடும் திருகுகளும் அந்த நேரம் அதே கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தன. சுத்தமாகக் கழுவி, நீலத் துணியில் மடித்து, நீராவி இயந்திரத்தில் வேகவைத்து எடுத்த ட்ரே அது. ஒரு மேசையின் மேல் ஆறிப்போய்க் கிடந்தது. அதில் ஒரு ஸ்டிக்கர் மட்டும்தான் இல்லை.

அடித்தளத்தில் இருப்பது கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவு. ஜன்னல் கிடையாது. கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி என்று மேலே தியேட்டரில் ரத்தம் பட்ட எல்லாம் ஒரு லிஃப்டில் இறங்கி வரும். இங்கே கழுவி, மூட்டை கட்டி, ஆவியில் வைத்து, இன்னொரு லிஃப்டில் மேலே அனுப்புவார்கள். இரவு ஷிஃப்டில் அந்த இயந்திரங்களைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டவளுக்கு மருத்துவமனை முழுக்க ஒரே பெயர்தான்: ஆவி அக்கா. ராத்திரி முழுக்கத் தரைக்குக் கீழே தனியாக உலாவுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள் என்று அவளே சிரிப்பாள்.

ட்ரே மேலே போக ஸ்டிக்கர் வேண்டும். பிரிவின் மேனேஜர் வந்து, கம்ப்யூட்டர் பக்கத்திலிருக்கும் சின்னப் பெட்டியில் விரல் வைத்தால்தான் ஸ்டிக்கர் அச்சாகும். எப்போதோ ஒரு இரவு யாரோ ஈரம் காயாத மூட்டையை மேலே அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு நிர்வாகம் கொண்டுவந்த ஏற்பாடு இது. தவறு செய்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். விரல் மட்டும் நிலைத்துவிட்டது. ஆவி அக்கா ராத்திரி முழுவதும் உழைத்து அடுக்கி வைக்கும் ட்ரேக்கள், காலை ஏழு மணிக்கு வரவேண்டிய ஒருவருடைய வலது ஆள்காட்டி விரலுக்காகக் காத்திருக்கும்.

அவர் ஏழு மணிக்கு வந்தது கிடையாது.

கெட்ட மனுஷர் இல்லை. யாரையும் அதட்டமாட்டார். வந்ததும் எல்லோருக்கும் டீ சொல்லுவார். "சாயங்காலம் எட்டு வரைக்கும் இருக்கேன்ல, கணக்குச் சரியாப் போச்சு," என்பார். அந்தக் கணக்கில் காலையில் காத்திருப்பவர்கள் எந்த வரிசையிலும் வருவதில்லை என்பது அவருக்கு உண்மையாகவே புரியாது என்றுதான் ஆவி அக்கா நினைத்திருந்தாள். எப்போது போன் செய்தாலும் அவரிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "இதோ வந்துட்டேன்." அதனால் அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. இதோ சார்.

இன்னும் கிளம்பாதவர் வந்து சேர்ந்துவிட்டது மாதிரிச் சொல்வது நம் எல்லோருக்கும் வழக்கம்தான். குழாய் ரிப்பேர்காரர் சொல்கிறார், ஆட்டோக்காரர் சொல்கிறார், கல்யாணத்துக்குக் கிளம்பாத மாமா சொல்கிறார். யாரும் அதைப் பொய்யாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்கிறவரே ஒரு தள்ளுபடி போட்டுக்கொள்வார். தியேட்டரில் அந்தத் தள்ளுபடியைப் போட்டுக்கொண்டிருந்தவர் பெரிய சிஸ்டர். தினமும் காலையில் மேலேயிருந்து போன் செய்வார்.

"என்ன ஆவி, உங்க சார் வந்துட்டாரா?"

"வந்துட்டாராம், சிஸ்டர்."

"ராமா? அப்ப இன்னும் குளிக்கவே போகல. டாக்டரை இன்னொரு காபி குடிக்கச் சொல்றேன்."

அந்த ஒற்றை 'ராம்' ஆவி அக்காவின் சொந்தச் சரக்கு. வந்துட்டார் என்றால் அது அவள் சொல்வது. வந்துட்டாராம் என்றால் அவர் சொல்வது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. மேனேஜரைப் பற்றி அவளால் செய்ய முடிந்த ஒரே புகார் அது. எழுத்தில் இல்லாத, யாரும் தண்டிக்க முடியாத புகார். மேலே அது தினமும் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அதன்படியே மயக்க மருந்தின் நேரம் தள்ளிப்போனது.

அவள் கோபம் ட்ரேக்களைப் பற்றியது மட்டுமல்ல. ஷிஃப்டை மேனேஜர் கையில் ஒப்படைக்காமல் அவள் வெளியே போகக் கூடாது. அவள் கணவன் பஸ் டிரைவர். ஆறரை மணிக்கு முதல் வண்டி எடுக்கவேண்டும். வீட்டில் ஏழு வயது மகள். கணவன் கிளம்பும்போது வெளியே பூட்டிவிட்டு, சாவியைக் கரண்ட் மீட்டர் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டுப் போவான். ஆவி அக்கா ஏழு மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்கு வீடு. மகளைப் பள்ளிக்கூடம் வரை ஓட்டமும் நடையுமாக இழுத்துக்கொண்டு போனால் மணி அடிக்கும்போது உள்ளே விட்டுவிடலாம். மேனேஜர் வர ஏழே முக்கால் ஆனால், அந்தப் பெண் பூட்டிய வீட்டுக்குள் ஷூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஜனவரியில் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டனுப்பினார். "உங்க வீட்ல யாருக்குமே நேரம்னா என்னன்னு தெரியாதா? இன்னொரு தரம் லேட்டா வந்தா கேட்டுக்குள்ள விடமாட்டோம்." ராத்திரி முழுக்க இயந்திரத்தின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வேலை செய்கிறவள் அதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். மேனேஜரிடம்தான் சொன்னாள்.

"சார், பாப்பா ஸ்கூல்ல ரொம்பப் பேசிட்டாங்க. நீங்க ஏழு மணிக்கு வந்தா எனக்குப் பெரிய உதவி."

"என்னம்மா நீ, முன்னாடியே சொல்லக் கூடாதா? நாளைக்குப் பாரு."

நாளைக்குப் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள்.

பிப்ரவரி தொடக்கத்தில் பெரிய சிஸ்டர் முழங்கால் வலிக்காக விடுப்பில் போனார். அவர் இடத்தில், சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு சிஸ்டர் நின்றாள். இன்னும் பயிற்சிக் காலம் முடியவில்லை. சுறுசுறுப்பானவள், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். அவளிடம் யாரும் தள்ளுபடி பற்றிச் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டொரு நாள் ஆவி அக்காவின் 'ராம்' அவளைக் குழப்பியது. "ராம்னா என்ன அக்கா, வந்தாரா வரலியா?" என்று திருப்பிக் கேட்டாள். "வரல" என்று இவள் சொன்ன பிறகுதான் போனை வைத்தாள்.

பதினொன்றாம் தேதி காலை ஏழு அடித்ததும் ஆவி அக்கா மேனேஜருக்குப் போன் செய்தாள்.

"சார், முதல் கேஸ் இடுப்பு. தகடு ட்ரே ரெடி. உங்க விரல் ஒண்ணுதான் பாக்கி."

"இதோ வந்துத்தேன்மா." வாய் நிறைய நுரை. பின்னால் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"எங்க சார் இருக்கீங்க?"

"சிக்னல்ல."

"சிக்னல்ல பல்லு தேய்க்கறீங்களா சார்?"

துப்பும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு. "உன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா? மேல சொல்லிடும்மா, வந்துட்டேன்னு."

போனை வைத்தாள். கையிலிருக்கும்போதே அது மறுபடி அடித்தது. வீட்டில் விட்டுவைத்திருக்கும் பழைய போனிலிருந்து மகள்.

"அம்மா, ஷூ போட்டுட்டேன். பாட்டில்ல தண்ணி ரொப்பிட்டேன். நீ எங்க இருக்க?"

"இதோ வந்துட்டேன்டா கண்ணு."

சின்னக் கால்கள் ஓடும் சத்தம். தாழ்ப்பாளை உள்ளேயிருந்து ஆட்டும் சத்தம். அந்தப் பெண் கதவோரம் போய் நின்று காது கொடுத்திருக்க வேண்டும்.

"எங்கம்மா? சாவி சத்தமே கேக்கலியே."

"இல்லடா. அம்மா இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன்."

"அப்ப ஏன் வந்துட்டேன்னு சொன்ன?"

கேட்டுவிட்டு மகளே லைனைத் துண்டித்துவிட்டாள்.

தகடு ட்ரேயின் மேல் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. மேனேஜரின் நாற்காலி மேசையடியில் ஒழுங்காகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அதன் முதுகில் அவருடைய சாயங்காலத்து ஸ்வெட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ குனிந்து உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். சுவரிலிருந்த போன் அடித்தது. புது சிஸ்டர்.

"அக்கா, மேனேஜர் சார் வந்துட்டாரா? டாக்டர் கேக்கறார்."

"வந்துட்டார்."

"அப்ப ட்ரே வந்துடும்ல?"

"வந்துடும்."

மேலே நடந்தது எளிமையானது. மயக்க மருத்துவர் ட்ரே எங்கே என்று கேட்டார். புது சிஸ்டர், மேனேஜர் வந்துவிட்டார், ட்ரே ஏறிக்கொண்டிருக்கிறது என்றாள். அவர் ஊசியைப் போட்டார். தச்சர், தன் பட்டறையில் பாதி முடிந்து கிடக்கும் ஒரு கதவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார். ட்ரே வரவில்லை. புது சிஸ்டர் மூன்று முறை போன் செய்தாள்; கீழே யாரும் எடுக்கவில்லை. ஆவி அக்கா வாசல் கேட்டருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே தச்சரின் ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. இனிமேல் காத்திருக்க முடியாது என்று மயக்க மருத்துவர் முடிவெடுத்தார். ஸ்டிக்கர் ஒட்டிய ட்ரே லிஃப்டில் மேலே வந்தபோது தச்சர் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மகளின் பள்ளியில் கேட் சாத்தியிருந்தது. அன்று மகள் வீட்டுக்குத் திரும்பி வந்து அம்மா தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இரவு ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் ஆவி அக்கா நடந்ததைக் கணவனிடம் சொன்னாள். அவன் டிரைவர் சட்டையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தான்.

"வாய் தவறி வந்துச்சா, வேணும்னே சொன்னியா?"

"வேணும்னேதான். மேலயிருந்து யாராவது ஒருத்தர் ட்ரே எங்கடின்னு கேட்டு இறங்கி வரட்டும், அந்தக் காலி நாற்காலியைக் கண்ணால பாக்கட்டும்னு நெனச்சேன். ஊசி போட்டுடுவாங்கன்னு நெனைக்கல."

"ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர் 'வரலாம் வரலாம்'னு சொன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு வருவேன். அவன் என்மேல இருக்கற கோவத்துல சொன்னா என்ன ஆகும்?"

"நீங்க என்னைத் திட்டறீங்களா?"

"திட்டல. வேலை போயிடுமான்னு கேக்கறேன்."

அதுதான் கேள்வி. வீட்டு வாடகை இரண்டு சம்பளத்தை நம்பி எடுத்தது. மகளின் பள்ளிக்கூடமும் அப்படித்தான். அவள் படித்த படிப்புக்கு இன்னொரு ஆவி இயந்திரம் இந்த நகரத்தில் எளிதில் கிடைக்காது.

விசாரணை வெள்ளிக்கிழமை. அன்று காலை மேனேஜர் ஏழு மணிக்கே வந்திருந்தார். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. டீ அவரே எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"உக்காரும்மா. ஒரு நிமிஷம் பேசணும்."

அவள் நின்றபடியே இருந்தாள்.

"எப்பவும் நீ என்ன சொல்லுவ, வந்துட்டாராம்னுதானே சொல்லுவ? எனக்குத் தெரியும். எல்லாரும் சிரிக்கறதும் தெரியும். நான் எதாவது கேட்டேனா?"

"இல்ல சார்."

"அன்னிக்கும் அப்படித்தான் சொல்லியிருப்ப. பழக்கம் எங்க போகும்? அந்தப் பொண்ணு புதுசு. மேல சத்தத்துல கடைசி எழுத்து காதுல விழலை. அவ்வளவுதான் நடந்திருக்கு." டீயை அவள் பக்கம் நகர்த்தினார். "இல்லன்னா பாரு, வராத ஆளை வந்துட்டார்னு நீ சொன்னதா ஆயிடும். லேட்டா வந்தா மெமோதான். பொய் சொன்னா வீட்டுக்கு."

"நீங்க வந்துட்டேன்னு சொன்னீங்களே சார்."

"அது பேச்சு வழக்கும்மா." ஈரத் தலையைக் கையால் கோதிக்கொண்டார். "அப்புறம், இனிமே நீ ஏழு மணிக்குக் கிளம்பிடு. எனக்காக நிக்க வேணாம். ஒப்படைச்ச மாதிரி நான் போட்டுக்கறேன். பாப்பா பாவம், பூட்டுன வீட்ல உக்காந்திருக்கு. எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரிந்திருந்தது. ஆவி அக்கா அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு லிஃப்டில் மேலே போனாள். தெரியாமல் செய்கிறார் என்று இத்தனை நாளாக அவருக்கு ஒரு சலுகை கொடுத்து வைத்திருந்தாள்.

நிர்வாக அதிகாரியின் அறை ஐந்தாவது மாடியில். விசாரணைக்கு வரச்சொன்ன நேரத்தில் அதிகாரி இல்லை. மேனேஜர், ஆவி அக்கா, புது சிஸ்டர் மூன்று பேரும் சுவரோரச் சோபாவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். புது சிஸ்டர் மட்டும் ஒருமுறை ஆவி அக்காவைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அதிகாரி கையில் போனோடு உள்ளே வந்தார்.

"சொல்லுங்க. அன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சு?"

"நான் வந்துட்டு இருக்கேன்னு சொன்னேன் மேடம்," என்றார் மேனேஜர். "டிராஃபிக். என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா வந்து சேர்ந்துட்டேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல."

அதிகாரி புது சிஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்கதானே டாக்டர்கிட்ட மேனேஜர் வந்துட்டார்னு சொன்னீங்க?"

"அக்கா சொன்னாங்க மேடம். அதைத்தான் சொன்னேன்."

"அக்கா என்ன சொன்னாங்க? அதே வார்த்தையைச் சொல்லுங்க."

"வந்துட்டார்."

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொன்ன வார்த்தை என்ன?"

அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஆவி அக்கா கண்ணாடி மேசையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். ராத்திரி முழுக்க விழித்திருந்த முகம்.

"வந்துட்டாராம்," என்றாள்.

"அதுதானே அவங்களும் சொல்றாங்க?"

"இல்ல மேடம். அவங்க சொல்றதுல ராம் இல்ல."

"ராமா? அது யாரு, நாலாவது ஆள்?"

மேனேஜர் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். வந்துட்டார் வேறு, வந்துட்டாராம் வேறு. ஆவி அக்கா எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்லுவாள். மருத்துவமனைக்கே தெரிந்த விஷயம். வேண்டுமானால் பெரிய சிஸ்டரைக் கேட்கலாம்.

அதிகாரி அங்கேயே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். பெரிய சிஸ்டர் வீட்டிலிருந்து, கால் வலிக்கு நடுவே, சந்தோஷமாகச் சாட்சி சொன்னார்.

"ஆமா மேடம். ஆவி ராம் போடாம பேசவே மாட்டா. ஒருநாள் ஒருபொழுது மாறினது கிடையாது. அவ நாக்கு மேல நான் சத்தியம் பண்ணுவேன்."

"இல்ல மேடம்," என்றாள் புது சிஸ்டர். "அன்னிக்குப் போடல. ராம் போட்டா நான் திருப்பிக் கேப்பேன். அன்னிக்கு நேராச் சொன்னாங்க. அதனாலதான் நம்பினேன்." ஆவி அக்காவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்களே சொல்லுங்கக்கா. ட்ரே வந்துடும்லன்னு கேட்டேனே?"

"கேட்டீங்க," என்றாள் ஆவி அக்கா. "வந்துடும்னு சொன்னேன். அது வந்துச்சே."

அதிகாரி எதையோ எழுதினார். ஒரு எழுத்துக்காக எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம் என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டார்.

கீழே இறங்கும்போது லிஃப்டில் மேனேஜர் அவள் தோளுக்கு மேலே கையை நீட்டி பட்டனை அழுத்தினார். அதே வலது ஆள்காட்டி விரல். "நல்லபடியா முடிஞ்சுதுல்ல?" என்றார். அவள் லிஃப்டின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தச்சருக்கு அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் மயக்க மருந்து கொடுத்துத் தகடு வைத்தார்கள். இரண்டாவது மயக்கத்துக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. கூடுதலாக ஒரு வாரம் படுக்கையில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். தாமதத்துக்காக மேனேஜருக்கு ஒரு மெமோ கொடுக்கப்பட்டது. ட்ரே கண்ணெதிரே இருந்தால்தான் ஊசி போடுவது என்று தியேட்டரில் எழுதி ஒட்டினார்கள். புது சிஸ்டரின் பயிற்சிக் காலத்தை நீட்டிக்க வேண்டாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. மாதக் கடைசியில் அவள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மேனேஜர் இரண்டு வாரம் ஏழு மணிக்கு வந்தார். மார்ச் மாதம் முதல் மறுபடியும் ஏழே முக்காலுக்கு வந்தார். ஆவி அக்கா தினமும் ஏழு மணிக்குக் கிளம்பினாள். அதற்குப் பிறகு மேனேஜர் வரும்வரை அடித்தளத்தில் போன் அடித்தால் எடுக்க ஆள் இல்லை.

அந்த வருடம் கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும்வரை அவள் மகள் ஒருநாளும் தாமதமாகப் போகவில்லை.